முருங்கை மரத்தடியில் சித்தப்பா

என் அப்பா என் சித்தப்பாவைக் கொன்று வீட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டார் என்று ஒரு மழைக்காலம் முழுக்க நான் நம்பினேன். சந்தேகப்பட்டேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மாட்டேன். நம்பினேன். ஐந்தாம் வகுப்பில் படித்த வாய்ப்பாட்டைவிட உறுதியாக நம்பினேன். அந்த மரத்துக் காயை அம்மா சாம்பாரில் போடுவாள். யாரும் பார்க்காதபோது அதைச் சோற்றுக்கடியில் புதைத்துவிடுவேன். புதைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் வழிவழியாக வருகிறதோ என்று அப்போதே எனக்கு ஒரு பயம். இன்று மணவாள நகரில் வீடு, பேர் சொல்லும்படி ஒரு தொப்பை என்று நடுவயதுக்கு வந்துவிட்டேன். முருங்கைக்காயை மட்டும் இன்னும் கொஞ்சம் யோசித்துத்தான் கடிக்கிறேன்.

இந்த முடிவுக்கு நான் சும்மா வந்துவிடவில்லை. வேதத்தை ஆதாரமாக வைத்து, ஒழுங்காக விசாரணை நடத்தித்தான் வந்தேன். அது புரிய வேண்டுமானால் எங்கள் சர்ச் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்பக்கம், ஆலைப் புகை முதலில் எங்களைத் தொட்டுவிட்டுத்தான் ஆந்திராவுக்குப் போகும் என்கிற இடத்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சர்ச். சபையில் பெரும்பாலோர் ஒரு தலைமுறைக்கு முன்பு அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். தொழிற்சாலைகள் வந்தபின் ஷிப்டு பார்க்கப் போனவர்கள். ஆகவே எங்கள் ஆராதனையின் ஆரம்பம் கடவுள் கையில் இருந்தது, முடிவு கம்பெனி பஸ்காரர் கையில் இருந்தது. மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் பஸ் எதிரே வேப்பமரத்தடியில் வந்து நிற்கும். ஒரு முறை ஹாரன் அடித்தால் போதகர் பிரசங்கத்தை இறக்கி வைக்கப் பார்க்க வேண்டும். விடாமல் அடித்தால் ஆசீர்வாதம் சொல்லிவிட வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால் போதகர் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒவ்வொன்றுக்கும் சபை தலைகுனிந்து இரக்கம் கேட்கும். ஆனால் பாட்டு இழுத்துப்போய் நேரம் கடந்துவிட்ட நாட்களில், போதகர் ஜன்னல் வழியாக பஸ்ஸை ஒரு பார்வை பார்ப்பார். பத்தையும் விட்டுவிடுவார். கடவுளை முழு மனதோடு நேசி, உன்னை நேசிப்பதுபோல் அடுத்தவரையும் நேசி என்ற இரண்டை மட்டும் வாசித்துவிட்டு, எல்லாம் இதில் அடக்கம் என்று மேலே போய்விடுவார். ஷிப்டு ஆட்களின் கஷ்டத்தைப் பார்த்துக் கடவுள் கொடுத்த தள்ளுபடி அது என்றுதான் நான் நினைத்திருந்தேன். ஹாரன் சத்தம் கேட்டால் எனக்கு உள்ளுக்குள் குஷி. இன்றைக்கு இரண்டோடு போயிற்று.

பிறகு வரிசை வரிசையாகப் பெரியவர்கள் எழுந்து அப்பம் வாங்க மேசைக்குப் போவார்கள். யாராவது எழாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களிடம் சரிசெய்ய வேண்டிய ஏதோ தப்பு இருக்கிறது என்று அர்த்தம். குழாயடியில் குடத்தை வைத்துச் சண்டை போட்ட இரண்டு அம்மாக்கள் ஒரு மாதம் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த மாதம் சமாதானமாகி, ஒருத்தி சேலையை ஒருத்தி மிதித்துக்கொண்டு ஒன்றாகப் போவார்கள். சபை அதைக் கவனித்ததாகவும் காட்டிக்கொள்ளாது, கவனிக்காமலும் இருக்காது.

அப்பா எழுந்ததே இல்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் கடைசி பெஞ்சில், சுவரோரம், கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா மட்டும் போய்விட்டு வருவாள். குழாயடிச் சண்டைக்கே ஒரு மாதம் என்றால் இத்தனை வருஷம் உட்கார வைக்கும் தப்பு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? அம்மாவிடம் கேட்டேன். பெரியவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைத்தால் மூக்கு இருக்காது என்றாள். சரி, நாமே கண்டுபிடிப்போம் என்று இறங்கினேன். கட்டளைகள் பத்துதானே, விரல்விட்டுத் தள்ளிக்கொண்டே வந்தால் அகப்படாமலா போகும்?

வேறு தெய்வம், விக்கிரகம் இரண்டையும் ஒரே மூச்சில் தள்ளினேன். ஆயுத பூஜைக்குத் தான் வேலை பார்த்த இரும்புக் கம்பி ரோலிங் மில்லில் கொடுத்த பொரியை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தது உண்மை. அதே பொரியைச் சபைச் செயலாளரும் கொண்டுபோனார், அவர் முதல் ஆளாக எழுந்து மேசைக்குப் போகிறவர். கடவுளின் பெயரை வீணாகச் சொன்னாரா? அப்பா யாருடைய பெயரையும் சொல்கிறவர் இல்லை. ‘ம்’ என்ற ஒரே எழுத்தை வைத்துக் குடும்பம் நடத்தியவர். ஓய்வுநாளை மீறாதவன் எங்கள் பக்கத்தில் எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்க முடியாது. பெற்றோரைக் கனம்பண்ண வேண்டும் என்றால் பெற்றோர் இருக்க வேண்டும். அவர்கள் நான் பிறக்கும் முன்பே போய்விட்டார்கள்.

திருட்டு என்ற இடத்தில் கொஞ்சம் ஆடிப்போனேன். அம்மா அடுப்பிலிருந்து குண்டானை இறக்குவது மில் கையுறையைப் பிடித்துக்கொண்டுதான். நல்லவேளை, சுற்றிப் பார்த்ததில் சபையில் எல்லா அம்மாக்களும் மில் கையுறையால்தான் குண்டான் இறக்கினார்கள். விபசாரம் என்றால் என்னவென்று தெரியாததால் அதையும் அம்மாவிடம் கேட்டேன். முதுகில் ஒன்று வைத்தாள். அது பெரியவர்கள் பொழுதுபோக்கு போலிருக்கிறது என்று ஊகித்துக்கொண்டேன். அப்பா மில்லுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், தூங்குவார்; நடுவில் எந்தப் பொழுதுபோக்குக்கும் இடம் தென்படவில்லை. பொய்சாட்சி சொல்ல வாயைத் திறக்க வேண்டும். அடுத்தவர் பொருள்மேல் ஆசைப்பட அடுத்தவரிடம் ஏதாவது இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம் இருந்தது ஒரு மொபெட். அதன்மேல் அவருக்கே ஆசை விட்டுப்போயிருந்தது.

ஒன்றே ஒன்று மிச்சம் நின்றது. கொலை.

விரலை மடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தால் சாட்சிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அப்பாவின் மில் சட்டையை அம்மா ஊறவைத்தால் வாளித் தண்ணீர் சிவந்துபோகும். இரும்புத் துரு என்று அம்மா சொல்லியிருந்தாள். எந்த அம்மாதான் வேறு மாதிரி சொல்வாள்? கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவில் அப்பாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு ஒல்லியாக ஒருவர் சிரிப்பார். அவர் உன் சித்தப்பா என்று அம்மா ஒருமுறை சொன்னாள். எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு, “அத்த இப்ப இன்னாத்துக்குக் கேக்கற?” என்று தண்ணீர் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். குழாயில் அப்போது தண்ணீர் வரும் நேரமே இல்லை.

எல்லாவற்றையும் முடித்துவைத்தது போதகரின் ஒரு பிரசங்கம். உலகத்தின் முதல் அண்ணன் தன் தம்பியை வயல்வெளிக்குக் கூட்டிப்போய்க் கொன்ற கதையைச் சொன்னார். உன் தம்பி எங்கே என்று கடவுள் அண்ணனைப் பார்த்துக் கேட்கும் இடத்தில் குரலை இறக்கி நிறுத்தினார். அந்த அமைதியில் கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பஸ் இன்னும் வரவேயில்லை.

சரி, எங்கே புதைத்திருப்பார்? எங்கள் வீட்டைச் சுற்றி ஆலைக்கழிவைக் கொட்டி மேடாக்கிய பூமி. கீரைகூட முளைக்காது. அதில் அந்த ஒற்றை முருங்கை மட்டும் வருஷம் பூராவும் காய்த்துத் தள்ளியது. துணி துவைத்த தண்ணீரும் மீன் கழுவிய தண்ணீரும் அங்கேதான் போனது என்பதை விசாரணை அதிகாரி கவனிக்கத் தவறிவிட்டார். பக்கத்து வீட்டு நண்பனிடம் பட்டும் படாமலும் பேச்சுக் கொடுத்தேன். மாரியம்மன் கோயில் பூசாரியின் பேரன் அவன், இந்தத் துறையில் என்னைவிட விவரம் தெரிந்தவன். “அடிச்சிப் போட்டவங்க ஆவி முருங்க மரத்துலதான்டா குந்தும். எங்க அம்மா சொல்லிச்சி” என்றான். அவன் வீட்டிலும் எங்கள் மரத்துக் காய்தான் சாம்பார் என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் பிழைப்பு பிழைப்பாகவே இல்லை. நாங்கள் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயரைச் சொல்லாமலே பேசப் பழகிக்கொண்டேன். கடைக்கு வா என்று அப்பா கூப்பிட்டால் எனக்கு உடனே வயிற்றுவலி வரும். ஓமத்தண்ணீர் கொடுக்க வருவார், வயிற்றுவலி உடனே போய்விடும். எனக்குத் தம்பி இல்லாததால் வம்சத்தில் இது தொடராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

ஆனால் இத்தனைக்கும் நடுவில் இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கு வேடிக்கை பேச வருவதில்லை. கடைசி பெஞ்சில் அப்பா கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் முட்டிபோட வைத்தவனைப் போல இருப்பார். கொலையே செய்திருந்தாலும் அவர் எழுந்து போக வேண்டும் என்று எனக்கு ஆசை. தப்பைச் சரிசெய்தால் போகலாம் என்பதுதானே சட்டம்? ஜெபம் செய்யாமல், சிலுவை வைக்காமல் புதைத்தது தப்பு. சித்தப்பாவைத் தோண்டி எடுத்து, ஜெபம் சொல்லி, ஒழுங்காகப் புதைத்துச் சிலுவையும் நட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று தீர்மானித்தேன். கொலையும் அத்தோடு கழிந்துவிடுமா என்று கேட்டால், பத்தை இரண்டாக்கிய கடவுள் இதற்கும் ஏதாவது வழி செய்வார் என்று விட்டுவிட்டேன்.

மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு நாள் வந்தது. அந்த வாரம் அப்பாவுக்கு இரவு ஷிப்டு, பகலில் தூங்குவார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். இரண்டு விறகுக்குச்சிகளை மில்லில் எண்ணெய் துடைக்கும் நூல்கழிவால் கட்டிச் சிலுவை செய்து வைத்துக்கொண்டேன். மண் ஊறியிருந்ததால் கடப்பாரை சுலபமாக இறங்கியது. தோண்டத் தோண்டக் கசடு, ஆணி, அறுந்த செருப்பு. செருப்பைக் கண்டதும் சிலுவையைக் கையில் எடுத்தேன். அது அம்மாவின் செருப்பு என்று தெரிந்ததும் கீழே வைத்தேன். இன்னும் கொஞ்சம் தோண்டினேன். வெள்ளையாக ஒரு எலும்பு தலைகாட்டியது.

நான் கத்தியதும் மரம் சாய்ந்ததும் ஒன்றாக நடந்தன. முருங்கைக்கு வேர்ப்பிடிப்பு அவ்வளவுதான். துணிக்கொடியையும் குளியலறைக் கீற்றையும் இழுத்துக்கொண்டு மடமடவென்று படுத்துவிட்டது. திரும்பினால் லுங்கியும் பனியனுமாக அப்பா நின்றுகொண்டிருந்தார்.

“இன்னாடா பண்ற?”

“தோண்டறேன் நைனா.”

“அது தெரியுது. இன்னாத்த?”

“சித்தப்பாவ.”

அப்பா குழியைப் பார்த்தார். எலும்பைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த குச்சிச் சிலுவையை ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும், போலீஸுக்கும் சொல்ல மாட்டேன் என்றும், ஜெபம் பண்ணி ஒழுங்காகப் புதைத்துவிட்டால் வரும் மாதமே அவர் எழுந்து மேசைக்குப் போகலாம் என்றும் அழுதுகொண்டே ஒப்பித்தேன். அடி விழும் என்று முதுகை ரெடியாக வைத்திருந்தேன். விழவில்லை. அப்பா சாய்ந்த மரத்தின்மேல் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

ரேஷன் பையோடு வந்த அம்மா முதலில் மரத்துக்காகத்தான் கூச்சல் போட்டாள். விஷயம் தெரிந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாமல் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். எலும்பை எடுத்து, போன கிறிஸ்துமஸ் ஆட்டுக்கால் என்று அடையாளம் சொன்னாள். நாய் கொண்டுவந்து புதைத்திருக்கும். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

“புள்ளையே தோண்ட ஆரம்பிச்சிட்டான்” என்றாள் அப்பாவிடம். “இன்னும் எவ்ளோ நாளிக்கி இப்பிடியே குந்திகினு இருக்கப் போறீங்க? போய்ப் பாத்துட்டு வாங்க.”

அப்பா குளித்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். சித்தப்பா உயிரோடு இருக்கிறார், அவரைப் பார்க்கப் போகிறோம் என்று அம்மா சொல்லித்தான் அனுப்பினாள். ஆனாலும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கி வேறு பஸ் மாறினோம். போகப்போக இரண்டு பக்கமும் வயல்வெளி. அந்த முதல் அண்ணனும் வயல்வெளிக்குத்தான் கூட்டிப்போனான் என்பது ஞாபகத்துக்கு வந்து, நான் கண்டக்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

இறங்கிய இடம் ஆரணி. பட்டுக்குப் பேர்போன ஆரணி இல்லை, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. கடைத்தெரு முடிவில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அப்பா தயங்கித் தயங்கி நுழைந்தார். உள்ளே கூரையைத் தொடும் அளவுக்குப் பஞ்சுக் குவியல். அந்தக் குவியல் அசைந்தது. அதற்குள்ளிருந்து தலை, புருவம், மீசை எல்லாம் வெளேரென்று ஒரு உருவம் எழுந்து உட்கார்ந்தது. முருங்கை மரம் விழுந்துவிட்டதால் ஆவி இடம்மாறி வந்துவிட்டது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் ஓடிவந்தார்.

அது சித்தப்பா. மெத்தை, தலையணை தைத்து விற்கும் கடை வைத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரக்கின்மேலேயே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை நாங்கள் எழுப்பிவிட்டோம். போட்டோவில் இருந்த அதே சிரிப்பு என்னைப் பார்த்து வந்தது. பின்னால் அப்பாவைப் பார்த்ததும் போய்விட்டது.

அப்பா உட்காரவில்லை. வந்த விஷயத்தை நின்றுகொண்டே சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சித்தப்பாவும் அதே மில்லில்தான் இருந்தாராம். அப்பாதான் சேர்த்துவிட்டிருக்கிறார். பழுக்கக் காய்ந்த கம்பி தடம் மாறினால் மணியடித்து மில்லை நிறுத்துவது சித்தப்பாவின் வேலை. பாட்டுப் பாடுவார், கேலி பேசுவார். கொஞ்ச நாளில் மில் முழுக்க அவர் கட்சி. இன்னாருடைய அண்ணன் என்று அப்பாவைக் காட்டிப் பேசும் அளவுக்குப் போய்விட்டது. ஒரு நாள் மத்தியானம் சித்தப்பா மணிக்குப் பக்கத்திலேயே தூங்கிவிட்டார். கம்பி தாவி வெளியே வந்து இடியாப்பம் மாதிரி சுருண்டது. யார்மேலும் படாதது அதிர்ஷ்டம். விசாரணையில் அதிகாரி அப்பாவைக் கேட்டார். தம்பி தூங்கினான் என்று அப்பா சொன்னார். சித்தப்பாவுக்கு வேலை போனது. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

இவ்வளவும் இருவருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு சொன்னதுதான் சித்தப்பாவுக்குப் புதுசு.

“நீ தூங்கினு இருந்தத நான் முன்னாடியே பாத்துட்டேன்டா” என்றார் அப்பா. “எட்டி ஒரு தட்டு தட்டி இருந்தா எழுந்திருப்ப. எழுப்பல. மாட்டட்டும்னு திரும்பிப் போயிட்டேன். அப்பறம் கேட்டாங்க, நெசத்த சொன்னேன். சொல்றப்போ உள்ள இனிச்சிச்சி.”

“நீ பொய் சொன்னன்னு நான் எப்பனா சொன்னனா?” என்றார் சித்தப்பா. “நான் தூங்கினது நெசம்தானேண்ணா.”

“அதான்டா பேஜாரு. பொய் சொல்லியிருந்தா இதுதான்டா என் தப்புன்னு காட்டி மன்னிப்பு கேட்டு இருப்பேன்.”

சித்தப்பா எழுந்தார். மூலையில் கிடந்த கழியை எடுத்து, பஞ்சை அடிக்க ஆரம்பித்தார். அடித்த அடியில் பஞ்சு கொட்டகை முழுக்கப் பறந்தது. அப்பா தலையிலும் சட்டையிலும் வந்து ஒட்டியது. அவர் தட்டிவிடவில்லை. நான் வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கழி அடுத்தது எங்கே விழும் என்பதில் எனக்குச் சொந்த அக்கறை இருந்தது.

கை ஓய்ந்ததும் சித்தப்பா என் பக்கம் திரும்பி, தன்னைப் பார்த்ததும் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்று கேட்டார். அப்பா முருங்கை மரக் கதையைச் சொன்னார். சிலுவைவரை ஒன்றும் விடவில்லை. சித்தப்பா கேட்டுக்கொண்டே கழியைக் கீழே வைத்தார்.

“அப்ப இத்தினி நாளா என்னத்தான் சாம்பார் வெச்சித் துன்னுகினு இருந்தியாடா?” என்றார். “ருசியா இருந்தனா?”

இல்லை, நான் சாப்பிடவில்லை, சோற்றுக்கடியில் ஒளித்துவிடுவேன் என்று அவசரமாக உறுதிமொழி கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பில் மீசையிலிருந்து பஞ்சு உதிர்ந்தது. அப்பாவும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ வந்தது. வேலை போனதும் நல்லதுக்குத்தான், தூங்கினதுக்குத் துரத்தினார்கள், இப்போது ஊரையே தூங்கவைத்துப் பிழைக்கிறேன் என்று சித்தப்பா டீயை ஊதிக்கொண்டே சொன்னார். கட்டிப்பிடிப்பது, கண்ணீர் விடுவது எதுவும் நடக்கவில்லை. கிளம்பும்போது எனக்கு ஒரு சின்னத் தலையணை கொடுத்தார். அப்பாவிடம், “நீ வந்து சொல்லிட்ட. எனக்கு இப்ப சரின்னும் சொல்ல வர்ல, இல்லன்னும் சொல்ல வர்ல. போய்க்கினு இருண்ணா, பாக்கலாம்” என்றார்.

வரும் வழியெல்லாம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தேன். என் விசாரணை தோற்றுவிட்டது என்பதில் எனக்கு வருத்தம்தான். அதைவிடப் பெரிய குழப்பம், பத்தை மறுபடி விரல்விட்டுப் பார்த்தாலும் அப்பா செய்த தப்பு ஒரு விரலிலும் வந்து உட்காரவில்லை. தூங்குகிற தம்பியை எழுப்பு என்று ஒரு கட்டளை அதில் எங்கேயும் கிடையாது. அப்பா கொல்லவில்லை, திருடவில்லை, பொய்சாட்சி சொல்லவில்லை. உண்மையைச் சொன்ன ஆள் எதற்காக இத்தனை வருஷம் கடைசி பெஞ்சில் முட்டிபோட்ட பையன் மாதிரி இருந்தார்? அப்பாவுக்குக் கட்டளைகள் சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தேன். சர்ச்சில் பரீட்சை வைத்தால் நான்தான் முதலில் வருவேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முதல் ஞாயிறு வந்தது. அப்பா வழக்கம்போல் கடைசி பெஞ்சில், சுவரோரம். பிரசங்கம் தொடங்கி வெகுநேரம் கழித்து, தலையில் பஞ்சு ஒட்டியிருக்க ஒருவர் உள்ளே வந்தார். மில்லில் வேலை பார்க்கும் செயலாளர் திரும்பிப் பார்த்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் பார்த்தார்கள். சித்தப்பா யாரையும் கவனிக்காமல் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டார், அவ்வளவுதான்.

போதகர் அன்று நீளமாகப் பேசினார். வெளியே ஹாரன் அடித்தது. போதகர் ஜன்னலைப் பார்த்தார், புத்தகத்தில் பக்கத்தைத் தள்ளினார், பத்தையும் விட்டுவிட்டு இரண்டை மட்டும் வாசித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். தள்ளுபடி நாளாகப் பார்த்து சித்தப்பா வந்துவிட்டார், அப்பா சுலபமாகப் பிழைத்துக்கொள்வார் என்று நினைத்தேன். பத்தையும் வாசித்திருந்தால் அப்பா பத்துக்கும் நிமிர்ந்தே நின்றிருக்கலாம் என்பதும், அவரை அத்தனை வருஷம் உட்காரவைத்தது அந்தச் சின்ன இரண்டுதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

முன்வரிசைகள் எழுந்து போக ஆரம்பித்தன. எங்கள் பெஞ்சு முறை வந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா வாயைத் திறந்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா தோளைத் தட்டி அவரை எழுப்பினார்.